என் பயத்துக்கு ஒரு கிளட்ச்

எஞ்சினே ஓடாத டிராக்டரின் மேல் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிந்த ஆளை அந்த ஷோரூம்காரர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். சாவி போடவில்லை. சக்கரத்துக்கு அடியில் கட்டை வேறு கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் எனக்கு அது நகர்கிற மாதிரிதான் இருந்தது.

"ஏங்க, எறங்குங்க. அந்தப் பொண்ணு சிரிக்குது" என்றாள் என் மனைவி.

"சிரிக்கட்டும். கண்ணாடிய ஒடைச்சிக்கிட்டு இது ரோட்டுக்குப் போயிடுமோன்னு பாக்கறன்."

"அது பாட்டுக்கு நிக்கிது. நீங்கதான் போயிடுவீங்க போல இருக்குது."

விற்பனைப் பெண், தான் சிரிக்கவில்லை என்று காட்ட, கையிலிருந்த விளம்பரத் தாளால் வாயை மூடிக்கொண்டது. என் மனைவியின் அண்ணன் அதெல்லாம் செய்யவில்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இதற்காகவே பைக்கில் வந்தவர், வாயைத் திறந்தே சிரித்தார். மச்சானுக்கு அங்கே உழுது பயிர் வைக்கிற கொல்லை இருக்கிறது, அதில் கரும்பு இருக்கிறது, டிராக்டர் மட்டும் இல்லை. என் டிராக்டர் வாங்கும் விஷயத்தில் என்னைவிட அவர் ஆர்வமாக இருந்ததன் காரணம் எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது, எங்களுக்கு அது தெரியும் என்பதுதான்.

நான் பயந்தவன். இதை ஒளித்து வைத்துப் பயனில்லை, ஊருக்கே தெரியும். லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கிறவரை மூச்சு விடமாட்டேன். கார் ஓட்டக் கற்று லைசென்சு வாங்கியவன்தான். அந்த லைசென்சை இத்தனை வருஷமும் பர்சுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேனே தவிர, ரோட்டுக்குக் கொண்டுவந்து அதை அழுக்காக்கியதில்லை. அப்படிப்பட்ட நான் எதற்கு டிராக்டர் மேல் ஏறினேன் என்று கேட்டால், கோபம். பயந்தவனுக்கும் கோபம் வரும். கொஞ்சம் லேட்டாக வரும், அவ்வளவுதான்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு யூனிட் இருக்கிறது. பீங்கான் விளக்கு, கொலு வைக்கிற சின்னப் பொம்மை, இந்த மாதிரி. அச்சில் எடுத்துக் காய வைக்கிறவரைதான் எங்கள் கொட்டகையில் வேலை. சுடுவதற்குப் பொதுச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே எல்லா யூனிட்டுக்கும் முறை உண்டு. நம் முறை வந்த அன்றைக்குச் சரக்கு வாசலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறைக்குக் கைகட்டி நிற்க வேண்டும்.

சுடாத சரக்கைப் பச்சைச் சாமான் என்போம். காய்ந்த அப்பளம் மாதிரி அது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், சும்மா ஒரு குலுக்கல் போதும், விளிம்பு உதிர்ந்துவிடும். பலகையில் அடுக்கி, பலகைகளை வண்டியில் அடுக்கி, கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது போலக் கூட்டிப்போக வேண்டும்.

இத்தனை நாளும் ஒரு லோடு வண்டிக்காரரை நம்பியிருந்தோம். அவர் வந்தால் வருவார். வந்தால் போனில் பேசிக்கொண்டே ஓட்டுவார். போன கார்த்திகைக்கு முன்னால் எங்கள் சூளை முறை வந்த அன்று, "இதோ வந்துட்டன்" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை சொன்னார். கடைசியில் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். முறை போயிற்று. விளக்குகள் கார்த்திகை கழிந்துதான் சூளையைப் பார்த்தன. கார்த்திகை முடிந்தபின் விளக்கு வாங்குகிறவர் யார்? கொட்டகை நிறைய விளக்கு, எதிலும் வெளிச்சமில்லை.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. "சின்ன டிராக்டர் ஒண்ணு வாங்கறன். பின்னாடி டிரெய்லர மாட்டிக்கிட்டு நானே ஓட்டறன்" என்றேன்.

வீட்டில் முதல் பாதிக்கு எதிர்ப்பே இல்லை. சரக்குக்கு வேண்டிய களிமண் கொண்டுவரவும் வண்டி ஆகும். இரண்டாம் பாதிக்குத்தான் ஆதரவே இல்லை.

"டிராக்டர வாங்கிக்கலாம். டிரைவர் ஒருத்தர வெச்சிக்கலாம்" என்றாள் மனைவி.

"நம்ம ஊருப் பையன் ஒருத்தன் இருக்கான் மாப்ள, கெட்டிக்காரன்" என்றார் மச்சான், கேட்பதற்கு முன்னாலேயே.

வண்டியும் வாங்கி, டிரைவரும் வைத்தால், மறுபடி இன்னொருவர் எப்போது வருவார் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதானே? மாட்டேன் என்றேன். நானே ஓட்டுவேன், இல்லாவிட்டால் வண்டியே வேண்டாம். இதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது. கைதான் பர்சுக்குள் அந்த லைசென்சு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.

ஷோரூமில் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது. "சார், உங்களுக்கு எத்தனை எச்.பி. வேணும்னு நான் சொல்லிடறன். ஆனா எந்த மாதிரி கியர்னு நீங்கதான் சொல்லணும். சாதா கியர் வண்டின்னா முன்ன போயி பின்ன வரணும்னா ஒவ்வொரு வாட்டியும் நிறுத்தி, ரிவர்ஸ் கியரத் தேடிப் போடணும். ஷட்டில்னு ஒண்ணு இருக்கு. அதுவும் கிளட்ச் இருக்கற கியர் வண்டிதான், ஆனா முன்ன பின்ன போறதுக்கு ஸ்டியரிங் கிட்டயே தனி லிவர். தள்ளினா முன்ன, இழுத்தா பின்ன. மூணாவது ஹைட்ரோஸ்டாட்டிக். அதுல கிளட்ச் மிதிக்கிற வேலையே இல்ல சார். எண்ணெய் அழுத்தத்துல ஓடுது. இந்தப் பெடல மிதிச்சா முன்ன போவும், இத மிதிச்சா பின்ன போவும், காலை எடுத்தா நின்னுடும்."

"காலை எடுத்தா நின்னுடுமா?" என்றேன். காதில் தேன் பாய்ந்தது.

"எண்ணெ வண்டி ஆவாது மாப்ள" என்றார் மச்சான். "ரிப்பேருன்னு வந்தா நம்ம ஊரு மெக்கானிக்கு தொடமாட்டான். கொல்லையில எறக்கினா இழுவை பத்தாது."

"யாரு கொல்லையில?" என்றாள் என் மனைவி.

மச்சான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எச்.பி.யை வைத்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும், மைலேஜை வைத்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நாங்கள் எஸ்டேட்காரர்கள், பச்சைச் சாமானை வைத்துப் பார்ப்போம். "கடைசியா சொன்ன ரெண்டு வண்டியையும் டிரெய்லரோட எங்க எடத்துக்குக் கொண்டாங்க. சுடாத விளக்க ஏத்தி ஓட்டிப் பாத்துத்தான் வாங்குவன்" என்றேன்.

"அப்பிடி டெமோ நாங்க பண்ணதில்லையே சார். ஒடைஞ்சிடுமே?"

"ஒடைஞ்சா தண்ணியில ஊறப்போட்டா மறுபடி மண்ணு. சுட்டப்புறம் ஒடைஞ்சாத்தான்மா நஷ்டம்."

சொன்ன நாளில் இரண்டு வண்டியும் வந்தன, ஷட்டில் ஒன்று, கிளட்ச் இல்லாதது ஒன்று. எங்கள் கொட்டகையிலிருந்து பொதுச் சூளைக்குப் போகிற எஸ்டேட் ரோடுதான் பரீட்சை ஹால். அச்சில் கோணலாகிக் கழித்துக்கட்டிய விளக்குகளைப் பலகைகளில் அடுக்கி டிரெய்லரில் ஏற்றினோம். பக்கத்து யூனிட்டுகளிலிருந்து ஆட்கள் டீ கிளாசோடு வந்து நின்றுவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் வேலையே கிடையாதா என்று எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன், அவர்கள் சூளைக்குப் போகிற நாளில் நானும் இப்படித்தான் நிற்பேன்.

முதலில் மச்சான். ஷட்டில் வண்டியில் ஏறினார், மீசையைத் தடவினார், "பாத்துக்குங்க மாப்ள, இப்பிடித்தான் ஓட்டணும்" என்றார், கிளட்சை விட்டார். வண்டி, மாடு முட்டியது போல ஒரு எகிறு எகிறியது. டிரெய்லரில் விளக்குகள் கைதட்டின. முன்வரிசை பின்வரிசை மேல் சாய்ந்து, பின்வரிசை ரோட்டில் இறங்கிவிட்டது.

"வெளக்கு ஒழுங்கா அடுக்கல" என்றார் மச்சான்.

"வெளக்க அடுக்கினது நான்" என்றாள் அவர் தங்கை.

"அப்ப ரோடு சரியில்ல."

அடுத்து அந்த விற்பனைப் பெண், கிளட்ச் இல்லாத வண்டியில் புதுப் பலகைகளோடு. பெடலை மெல்ல அழுத்தியது. வண்டி எப்போது கிளம்பியது என்றே தெரியவில்லை, வழுக்கிக்கொண்டு போனது, சூளை வாசல்வரை போய், நின்று, அப்படியே பின்னோக்கி வந்து, எங்கள் முன் நின்றது. ஒரு விளக்குகூட முனகவில்லை. டீ கிளாஸ் ஆட்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

"இதான்" என்றாள் என் மனைவி. "இதையே வாங்கிடலாம்."

"இரு. ஓட்டப் போறது நானு. நான் ஓட்டிப் பாக்கறன்."

ஏறினேன். இடது காலுக்கு வேலை இல்லை என்றதால் அதைச் சும்மா ஒரு பக்கமாக வைத்தேன். வலது காலால் பெடலை அழுத்தினேன். போனது! நான் ஓட்டுகிறேன், விளக்குகள் பின்னால் வருகின்றன. அந்தச் சந்தோஷம் வேப்பமரம்வரை நீடித்தது. வேப்பமரத்துப் பின்னாலிருந்து ஒரு நாய் வந்தது. பாய்ந்தெல்லாம் வரவில்லை, ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்தது.

காலை எடுத்தால் வண்டி நின்றிருக்கும். அந்தப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. ஆனால் என் காலுக்கு அது தெரியாது. பயந்தால் அது எடுக்காது, மிதிக்கும். கையில் கிடைத்ததைப் பிடிப்பது போல, காலுக்குக் கிடைத்ததை மிதிக்கும். அங்கே கிடைத்தது பெடல் ஒன்றுதான். எவ்வளவு பயந்தேனோ அவ்வளவு மிதித்தேன், எவ்வளவு மிதித்தேனோ அவ்வளவு வேகமாகப் போனது, எவ்வளவு வேகமாகப் போனதோ அவ்வளவு பயந்தேன். பார்த்தவர்கள் அதை ஓட்ட நடை வேகம்தான் என்கிறார்கள். எனக்கு அது திருச்சி எக்ஸ்பிரஸ். நாய் ஒதுங்கிக்கொண்டது. நான் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று தெரியாது, ஆனால் பக்கத்து யூனிட்டுக்காரர் கொட்டி வைத்திருந்த வெள்ளைக் களிமண் குவியல் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. வண்டி மூக்கை உள்ளே விட்டு நின்றது. எழுந்தபோது நானே ஒரு பச்சைச் சாமான் மாதிரி இருந்தேன், தலை முதல் கால்வரை வெள்ளை.

விற்பனைப் பெண் ஓடி வந்து எஞ்சினை அணைத்தது. "சார், காலை எடுத்திருந்தா நின்னிருக்கும் சார்!"

"காலை எடுக்கத் தெரிஞ்சா நான் எதுக்கும்மா பயப்படறன்?"

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, மண்ணைத் தட்டினால் போதும். டிரெய்லரில் விளக்கு என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை.

மச்சான் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனத்திலேயே தீர்ப்பு தெரிந்தது. "வுடுங்க மாப்ள. எல்லாருக்கும் எல்லாம் வராது. அந்தப் பையன நாளைக்கே வரச் சொல்றன்."

மனைவி முந்தானையால் என் முகத்து மண்ணைத் துடைத்தாள். அதுதான் மோசம். அவள் திட்டியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். டீ கிளாஸ் கூட்டத்தில் ஒருவர், "சின்னப் பசங்க ஓட்டற பேட்டரி ஜீப்பு ஒண்ணு வாங்கிக் குடுங்கய்யா" என்றார்.

எனக்கு அந்த லேட்டாக வரும் கோபம் வந்துவிட்டது.

"நான் தைரியசாலி ஆவறவரைக்கும் காத்திருந்தா வெளக்கு வேவாது" என்றேன். "எனக்குப் பயம் போவாது. போவலன்னா போவட்டும். நான் பயந்தா காலைத் தூக்கற ஆளு இல்ல, மிதிக்கிற ஆளு. அது இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. மிதிச்சா நிக்கிற வண்டி எது? அதச் சொல்லு."

அந்தப் பெண் என் இரண்டு காலையும் பார்த்தது. பிறகு ஷட்டில் வண்டியைக் காட்டியது. "அதுல இடது காலுக்குக் கீழ கிளட்ச், வலது காலுக்குக் கீழ பிரேக்கு சார். ரெண்டையும் சேத்து மிதிச்சா நிக்கும்."

"வேற எதையும் மிதிக்க முடியாதா?"

"ஆக்சிலேட்டர் பெடல் ஒண்ணு இருக்கு சார், ஓரமா. ஆனா உங்க வேலைக்கு அதத் தொடவே வேணாம், வேகத்த வேற ஒரு கை லிவர்ல வெச்சிக்கலாம்."

மறுபடியும் விளக்கு அடுக்கினோம். இந்தத் தடவை நான் ஒரு நிபந்தனை போட்டேன். "வழியில யாராச்சும் என்னைப் பயமுறுத்தணும். எங்க, எப்பன்னு சொல்லக் கூடாது."

"சார், வேணாம் சார்" என்றது அந்தப் பெண்.

"அத நான் பாத்துக்கறன்" என்றாள் என் மனைவி. எங்கள் திருமண வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

ஏறினேன். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த பிரேக் பெடல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தது அந்தப் பெண். கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, ஷட்டில் லிவரை முன்னால் தள்ளினேன். இனி காலை விட வேண்டும். விட எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் விட்டேன். பயந்தேன். இன்னும் கொஞ்சம் விட்டேன். அதற்கும் பயந்தேன்.

"கெளம்புங்க மாப்ள!" என்று மச்சான் கத்தினார்.

"அவரு கெளம்பி ரொம்ப நேரம் ஆவுதுண்ணா. சக்கரத்தப் பாரு" என்றாள் மனைவி.

நிஜம்தான். வண்டி போய்க்கொண்டிருந்தது. கூடவே நடந்து வந்த விற்பனைப் பெண், டிரெய்லரை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஒண்ணுகூட அசையல சார்" என்றது. அந்தக் குரலில் இருந்த ஆச்சரியம் எனக்குப் பிடித்திருந்தது. மச்சான் தைரியமாகக் காலை எடுத்ததால் எகிறிய வண்டி, நான் பயந்து பயந்து எடுத்ததில் எண்ணெய் வண்டி போலவே போனது.

வேப்பமரம் தாண்டியது. நாய் இல்லை. சரி, மனைவி மறந்துவிட்டாள் என்று நினைத்த இடத்தில், ஒரு கேட்டுக்குப் பின்னாலிருந்து காலி பெயின்ட் டின் ஒன்று பயங்கரச் சத்தத்தோடு உருண்டு என் முன் சக்கரத்துக்கு நேராக வந்தது. கூடவே "ஐயோ!" என்று ஒரு அலறல், அதுவும் அவளுடையதுதான், டின்னுக்கு மேல் கொசுறு.

மிதித்தேன். இரண்டு காலாலும் மிதித்தேன். வண்டி நின்றது. எஞ்சின் அணையாமல் தடதடத்துக்கொண்டு, நகராமல் நின்றது. நானும் நின்றுகொண்டிருந்தேன், நிஜமாகவே, சீட்டை விட்டு எழுந்து கிளட்ச் மேல் ஒரு கால், பிரேக் மேல் ஒரு கால் என்று. டின் சக்கரத்தின் முன்னால் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. திடீரென்று நின்றதில் ஓரப் பலகை விளக்குகள் கொஞ்சம் சரிந்தன. மற்றவையெல்லாம் அப்படியே இருந்தன.

"எறங்கலாம் சார், நின்னுடுச்சி" என்றது அந்தப் பெண்.

"நின்னுடுச்சின்னு தெரியிது. காலுக்குச் சொல்லிக்கிட்டிருக்கன்."

மச்சானுக்கு இரட்டைச் சந்தோஷம். கியர் வண்டி ஜெயித்தது, இனி கொல்லைக்கும் ஆகும். ஆனால் டிரைவர் விஷயத்தை அவர் விடவில்லை. "மாப்ள, கிளட்ச்ச இப்பிடிப் பாதியில புடிச்சிக்கிட்டே வுட்டீங்கன்னா பிளேட்டு தேஞ்சி பூடும். கேட்டுப் பாருங்க."

விற்பனைப் பெண் தலையாட்டியது. "உண்மைதான் சார். சீக்கிரமே மாத்த வேண்டி வரும். பழகப் பழக வேகமா எடுத்துடுவீங்க."

"எடுக்க மாட்டன். தேயட்டும்" என்றேன். "பிளேட்ட மாத்திக்கலாம். என்னை மாத்த முடியாது. இதையே எழுதுங்கம்மா."

"அப்ப கொல்லைக்கு…" என்று ஆரம்பித்தார் மச்சான்.

"தாராளமா. ஒரு நாளு உங்க கொல்லைய நானே வந்து ஓட்டிக் குடுக்கறன்."

மச்சானின் வரப்பு, கிணறு, மோட்டார் கொட்டகை எல்லாம் அவர் கண்முன் வந்து போனது தெரிந்தது. கொல்லையைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

சூளை முறை வந்த அன்று காலையிலேயே சரக்கை ஏற்றிவிட்டோம். இது கழித்துக்கட்டிய விளக்கு இல்லை, ஆர்டர் விளக்கு. நல்லூர்ப் பக்கம் ஒரு கடைக்காரர் நம்பிச் சொன்னது. முந்தின ராத்திரி நான் தூங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். தூங்கினேன். நான் பயந்தால் நன்றாகத் தூக்கம் வரும்.

கிளட்சை எடுக்க எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. மனைவி தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். வண்டி இவ்வளவு மெதுவாகப் போனால் ஸ்கூட்டரை நிமிர்த்திப் பிடிக்க முடியவில்லை என்று, இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி வந்தாள். அவளுக்குப் பின்னால் மண் லாரி ஒன்று. லாரிக்குப் பின்னால் யாரென்று எனக்குத் தெரியாது, திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை. ஹாரன் மட்டும் விதவிதமாகக் கேட்டது.

லாரிக்காரர் கடைசியில் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். "யோவ்! எறங்கி தள்ளிக்கிட்டுப் போய்யா, சீக்கிரம் போவும்!"

"பச்சச் சாமான் இருக்குதுய்யா. சுத்திக்கினு போ!" என்று கத்தினேன். பயம் பயம்தான், ஓரம் மட்டும் ஒதுங்கவில்லை. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் மிதித்தேன், நின்றேன், லாரி போனதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சூளை வாசலில் முறை பார்க்கிறவர் நின்றுகொண்டிருந்தார். என்னை இத்தனை வருஷமாகத் தெரிந்தவர். பலகைகளைப் பார்த்தார், ஒரு விளக்கை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினார், திருப்பி வைத்தார். பிறகு டிராக்டரின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"டிரைவரு எங்கங்க?"

எஞ்சினை அணைத்தாயிற்று. கியரில் விட்டு, கை பிரேக்கும் போட்டாயிற்று. அப்படியும் என் இரண்டு காலும் கிளட்சையும் பிரேக்கையும் விடமாட்டேன் என்றன.

"இதோ எறங்கிக்கிட்டிருக்காரு" என்றேன். "சித்த நேரம் ஆவும். நீங்க சரக்க எறக்குங்க."